சம்பந்தி வீட்டு மாடியில் சூரியன்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. இருபத்தாறு வருடமாகக் கதவடைத்த அறைக்குள் ஊரார் எலும்புகளைப் படம் பிடித்தவள், நாற்பத்தொன்பது வயதில் சூரியனைப் படம் பிடிக்கக் கிளம்பினாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்கன்னு இவர்கிட்ட மட்டும் சொல்ல முடியல" என்று சக ஊழியர்களிடம் அலுத்துக்கொள்வாள்.

பழைய சாமான் கடையில் வாங்கிய தொலைநோக்கி அது. முன்வாயில் வெயிலை வடிகட்டும் வெள்ளி நிறத் தாளை இறுக்கி மாட்டாமல் அதைச் சூரியன் பக்கம் திருப்பவே மாட்டாள். கண் விஷயத்தில் அவ்வளவு கறார். அதில் கேமராவைப் பொருத்தி எடுத்த முதல் படத்தில் மூன்று கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. தூசி என்று நினைத்துக் கேமராவைத் துடைதுடை என்று துடைத்தாள். போகவில்லை. மறுநாள் பார்த்தால் மூன்றும் சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தன. சூரியன் சுழல்வதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று புரிந்ததும், சமையலறையில் நின்றபடி தனியாகச் சிரித்தாள்.

ஐந்து வருடம் கழித்து ஒரு செய்தி கிடைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பத்தேழுக்கு, விண்வெளி நிலையம் சூரியனுக்குக் குறுக்கே பறந்து கடக்கப் போகிறது. முக்கால் நொடிதான். அதுவும் ஒரு குறுகலான பட்டைக்குள் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரியும். வரைபடத்தில் அந்தப் பட்டையின் நடுக்கோட்டை விரலால் பிடித்துக்கொண்டே போனாள். அது நேராக மகளின் மாமியார் வீட்டின் மேல் போய் நின்றது.

சம்பந்தியம்மா வீட்டின் கீழ்த்தளத்தில் தையல்கடை வைத்திருப்பவர். கல்யாணம் முடிந்த மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை வீட்டுக்கு அழைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் டியூட்டி என்று அக்கா நழுவியிருந்தாள். மகளுக்குப் பதற்றம். இத்தனை நாள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது குழாயும் முக்காலியுமாகப் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று போனிலேயே புலம்பினாள்.

பயந்தது போலத்தான் நடந்தது. கதவைத் திறந்த சம்பந்தியம்மா மூட்டைமுடிச்சுகளை மேலும் கீழும் பார்த்தார். "நான் கூப்பிட்டா வரமாட்டீங்க. சூரியன் கூப்பிட்டா மட்டும் வருவீங்க, இல்ல?"

அக்கா முக்காலியை வாசலிலேயே இறக்கி வைத்தாள். "தப்புதான் சம்பந்தி. கோபத்தைப் பத்து அம்பதுக்கு மேல வச்சுக்கலாமா?" என்றாள்.

சம்பந்தியம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் ஆளாக மாடியேறி, காய்ந்துகொண்டிருந்த துணிகளையெல்லாம் அள்ளி ஓரமாகப் போட்டார்.

வெயில் கொளுத்தியது. தொலைநோக்கியோடு இணைத்த மடிக்கணினித் திரையில் ஒன்றும் தெரியவில்லை. சம்பந்தியம்மா கீழே ஓடி, கறுப்பு லைனிங் துணி ஒரு சுருளோடு வந்தார். இருவரும் அதற்குள் தலையை நுழைத்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்து நாற்பதுக்கு ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. நாற்பத்தைந்துக்கு அதுவாகவே விலகியது. அக்கா வீடியோவை ஓடவிட்டாள்.

நாற்பத்தேழு வந்தது, போனது. இருவர் கண்ணிலும் எதுவும் படவில்லை.

"போச்சு" என்று அக்கா துணியிலிருந்து தலையை வெளியே எடுத்துவிட்டாள். சம்பந்தியம்மா விடவில்லை. வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் கண்ணைப் பதித்தார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்கும் கண் அது.

"நிறுத்துங்க. ஓரத்துல பாருங்க, ரெக்கை வச்ச மாதிரி."

இருந்தது. சூரியனின் விளிம்பில் ஒரு கடுகளவு கறுப்பு. இரண்டு பக்கமும் பலகை பலகையாக இறக்கைகள். அடுத்த படத்தில் கொஞ்சம் உள்ளே, அதற்கடுத்ததில் இன்னும் உள்ளே. மொத்தம் இருபத்திரண்டு படங்கள். அக்கா சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். "அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்களா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். இருக்கிறார்கள் என்றதும் வானத்தைப் பார்க்காமலே தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

கோபம் பத்து ஐம்பதுக்கு வரவில்லை. சாப்பாட்டின்போது கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அக்கா கிளம்புவதற்குள் எங்கோ போய்விட்டது.

இருபத்திரண்டையும் ஒன்றாகச் சேர்த்த படம் இப்போது தையல்கடையில், துணி வெட்டும் மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறது. அளவு கொடுக்க வருபவர்களிடம், எடுத்தது சம்பந்தி, கண்டுபிடித்தது நான் என்று சம்பந்தியம்மா கணக்காகச் சொல்லிவிடுவார். போன வாரம் அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிறது, வரமுடியுமா என்று கேட்டார். அக்கா அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினாள்: சம்பந்தி வீட்டில் விசேஷம்.