ஏன் மைனஸ்?

கம்பெனி பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இருந்த சீட்டின் முதுகில் 3x − 2y + 6 = 0 என்று பேனாவால் கிறுக்கியிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கிறுக்கியது பிரஸ் மெஷினில் வேலை பார்த்த அக்கா. கல்லாவியில் என்னோடு ஏறுவார். கம்பெனி இருக்கும் போச்சம்பள்ளி வருவதற்குள், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக (4, 1) வழியே போகும் கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவர், பல வருடம் கழித்துத் தனித்தேர்வராக எழுதப் போகிறார். தேறினால் தரம் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை. இல்லாவிட்டால் ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டியதுதான். காலில் நரம்பு ஏற்கெனவே முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தது. டிப்ளமோ படித்தவன் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சாய்வைத் தலைகீழாக்குங்க, மைனஸ் போடுங்க. அவ்வளவுதான்க்கா."

தலைகீழாக்குவார். மைனஸ் மட்டும் போடமாட்டார். சாய்வு −2/3 ஆகாமல் 2/3 ஆகவே நிற்கும்; சமன்பாட்டை 2x − 3y என்றே தொடங்குவார். மறதி என்றால் பொறுத்திருப்பேன், இது பிடிவாதம்.

"ஏன் மைனஸுன்னு சொல்லு, போடறேன்."

"ரெண்டு சாய்வையும் பெருக்கினா மைனஸ் ஒண்ணு வரணும்க்கா."

"அதான், ஏன் வரணும்?"

மூன்று வாரம் இதே பாட்டு. ஒருநாள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். "புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு! உங்களுக்குன்னு தனியாவா எழுதுவாங்க?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கட்டம் போட்ட தாளோடு வந்தார். அதில் ஒரு சாய்கோடு. அடையாள அட்டையின் மூலையை அதன்மேல் பொருத்தி இன்னொரு கோடு இழுத்திருந்தார். "இது வலப்பக்கம் ரெண்டு போனா மேலே மூணு ஏறுது. அட்டையைத் திருப்பினா மேலே ரெண்டு ஏற, இடப்பக்கம் மூணு போவுது. இடப்பக்கம்னா மைனஸ்தானே? இதுக்கா இத்தினி நாளு கத்தினே?"

எனக்கே தெரியாததால்தான் கத்தினேன். அவர் நிறுத்தாமல் 2x + 3y − 11 = 0 என்று எழுதி முடித்தார்.

தேறினார். புது வேலைக்கு வந்த முதல் வாரமே, நான் மெஷினில் செய்து அனுப்பிய இரும்புத் துண்டைத் திருப்பி அனுப்பினார். சண்டைக்குப் போனேன்.

"செங்கோணம் இல்ல, தம்பி."

"கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்க்கா!"

மூலைமட்டத்தைத் துண்டில் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம். என்னைப் போல அவர் கத்தவில்லை. ஏன் என்று எனக்குப் பொறுமையாகக் காட்டினார். எரிச்சலை விழுங்கிக்கொண்டு துண்டை வாங்கி வந்தேன்.