வெள்ளிக்கிழமை முகம்

ஏழாம் வகுப்பில் நான் ஆங்கிலத்தில் புலி என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட நான் நம்பினேன். நீடாமங்கலத்தில் எங்கள் தெருவிலிருந்து மெட்ரிக் பள்ளிக்குப் போன முதல் பெண் நான்தான். அந்தப் படிப்புக்காகவே அத்தா குவைத்துக்குப் போயிருந்தார். ஏசி ஆபீசில் சூப்பர்வைசர் வேலை என்று சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கு விடுமுறை. அத்தா ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வீடியோ காலில் வருவார். அதுவரை நாங்கள் சாப்பிடாமல் காத்திருப்போம். அம்மா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பார். அத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்து, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரத்தில் அந்த அரைமணி நேரம் நாங்கள் மூன்று பேராக இருந்தோம்.

அந்த வாரம் டீச்சர் பத்து வார்த்தைகள் கொடுத்து வாக்கியத்தில் அமைத்துவரச் சொல்லியிருந்தார். ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவது ‘ஹேகர்ட்’. ஓயாத உழைப்பாலோ கவலையாலோ கண் குழிந்து, கன்னம் ஒட்டி, வாடிப்போன முகத்தைச் சொல்லும் வார்த்தை. சோற்றைப் பிசைந்தபடி யோசித்தேன். எதிரே அத்தா சிரித்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு உடனே எழுதி, போன் முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன்: “மை ஃபாதர் ஹாஸ் எ ஹேகர்ட் ஃபேஸ்.”

அத்தா கைதட்டினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. அம்மா அர்த்தம் கேட்டார். விடுவேனா? டீச்சர் சொன்னதை ஒன்றுவிடாமல் தமிழில் ஒப்பித்தேன்.

அம்மா போனைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“என்னங்க, சட்டைக் கைய மேல ஏத்திக் காட்டுங்க.”

“இங்க வெளிச்சம் சரியில்ல. அப்புறம் பேசுறேன்” என்று அத்தா போனை வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளியிலிருந்து குரல் மட்டும்தான் வந்தது. நெட்வொர்க் சரியில்லையாம். அம்மா அப்போதும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, படம் வராத திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பாதிச் சோறு தட்டிலேயே இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து, முழங்கைவரை கருகிய கைகளோடு அத்தா வந்து இறங்கினார். கட்டட வேலையில் வெயிலில் கம்பி கட்டியிருக்கிறார். அந்த வெள்ளைச் சட்டை அறையில் கூட இருந்தவருடையது. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார்.

என் வாக்கியத்துக்கு டீச்சர் ஸ்டார் போட்டிருந்தார். அதை அத்தாவிடம் காட்ட முடியவில்லையே என்று, அந்த இரண்டு வருடமும் நான் குவைத் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.