மங்கையர்க்கரசியும் சனிக்கிழமை வகுப்பும்

செய்தி வந்தபோது நான் சுவாமிமலையில், அக்கா மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்தேன். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த நேரம் கைபேசி அடித்தது. கயல்விழி. "மேடம், மங்கை மேடம் போயிட்டாங்க" என்றார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

தஞ்சாவூருக்குத் திரும்பும் வழியில் இன்னொரு செய்தி. எங்கள் பல்கலைக்கழக வாட்ஸ்அப் குழுவில் பேராசிரியர் ரேவதி எழுதியிருந்தார்: "என் உடன்பிறவா அக்காவை இழந்து நிற்கிறேன்." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். பாபநாசம் தாண்டும்வரை அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கத்திற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைத்துக்கொண்டு இந்த அஞ்சலியை எழுத முடியாது. மறைத்தால் மங்கைக்கே பிடிக்காது.

பேராசிரியர் மங்கையர்க்கரசி எங்கள் பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் துறையைத் தொடங்கியவர். நான் பொருளியல் துறையில் இருந்தேன். ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தோம், ஒரே பேருந்தில் வந்து போனோம். அவருடைய குடும்பம் ஒரு காலத்தில் பாபநாசம் பக்கம் நிறைய நிலம் வைத்திருந்தது. பிறகு விற்றுவிட்டு அண்ணன்கள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "நேரமில்லைங்க" என்று சிரிக்காமல் சொல்வார்.

துறைக்கென்று முதலில் கொடுத்தது சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய ஓர் அறை. மழை பெய்தால் நாற்காலிகளை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். அந்த அறையிலிருந்து முதுகலை வகுப்பும் ஆய்வுப் பட்டமும் வளர்ந்தன. ஆனால் அவர் மனம் ஒட்டியது சனிக்கிழமை வகுப்பில்தான். சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்கான சான்றிதழ்ப் படிப்பு அது. அதற்கு அவர் வைத்த பெயர் 'நிலமும் நானும்'. பட்டா யார் பெயரில் இருக்கிறது, அப்பா நிலத்தில் மகளுக்கு என்ன உரிமை, நடவுக்கு ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி ஏன், தாலுகா அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுப்பது எப்படி என்பதெல்லாம்தான் பாடம். முதுகலை மாணவிகளும் அதே வகுப்பில் அவர்களோடு கலந்து உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

அப்போதிருந்த பதிவாளருக்கு இது பிடிக்கவில்லை. "என்ன மேடம், செருப்புகூட இல்லாம வளாகத்துக்குள்ள நடக்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டார். "காலையில நாத்துப் பறிச்சிட்டு நேரா வர்றாங்க சார். நீங்க சோறு சாப்பிடுறவர்தானே?" என்றார் மங்கை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தையல்நாயகி என்றொரு பெண் அந்த வகுப்புக்கு வந்தார். கணவர் இறந்துவிட்டார். நிலத்தின் பட்டா மாமனார் பெயரிலேயே கிடந்தது. கொழுந்தன் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றப் பார்த்தார். ஜமாபந்தி நடந்த அன்று, ஆண்டுக்கொருமுறை நிலக் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்கும் அந்த நாளில், மங்கை வகுப்பையே தாலுகா அலுவலகத்துக்கு நடத்திக்கொண்டு போனார். நானும் போயிருந்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி, "வூட்டு ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்றார். தையல்நாயகி தலைகுனிந்தார். மங்கை முன்னால் போகவில்லை. பின்னாலிருந்தே, "சொல்லுங்க தையல், பயிர் வைக்கிறது யாரு?" என்று மட்டும் கேட்டார். தையல்நாயகி நிமிர்ந்து, "நாந்தாங்க வைக்கிறேன். எம் பேருல எழுதுங்க" என்றார். அந்தப் பட்டா மாறுவதற்கு மேலும் சில போகங்கள் ஆயின. ஆனால் மாறியது.

ரேவதி அந்த நாட்களில்தான் தற்காலிக விரிவுரையாளராக வந்தார். எங்களைவிடப் பல வயது இளையவர். கணவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வரவில்லை, கையில் சிறு குழந்தை. மங்கை தன் வீட்டு மாடியை ஒழித்துக் கொடுத்தார். ரேவதியின் ஆய்வேடு மங்கையின் சாப்பாட்டு மேசையில்தான் எழுதி முடிக்கப்பட்டது. குழந்தையை மங்கை மடியில் போட்டுத் தூங்க வைப்பார். நிரந்தரப் பணியிடம் வந்தபோது வேறு யாருக்கோ சிபாரிசு இருந்தது. மங்கை துணைவேந்தர் அறை வாசலிலேயே நாள் கணக்கில் போய் உட்கார்ந்து அந்த இடத்தை ரேவதிக்கு வாங்கிக் கொடுத்தார். "அக்கா இல்லேன்னா நான் இல்ல" என்று ரேவதி எல்லோரிடமும் சொல்வார். அப்போது அது உண்மையாகவே இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்து நடந்ததை எழுதக் கயல்விழியிடம் அனுமதி கேட்டேன். "பேரைப் போட்டே எழுதுங்க மேடம். நான் ஏன் ஒளியணும்?" என்றார்.

கயல்விழி பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பா தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைப்பவர். வேறொரு துறையில் மூத்த பேராசிரியர் ஒருவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஒரு பிற்பகல் அந்தப் பேராசிரியரின் அறையிலிருந்து அழுதுகொண்டே ஓடி வந்தார். எதிரே வந்தவர் ரேவதி. அறைக்கதவு சாத்தியிருந்ததையும், கயல்விழி உள்தாழைத் திறந்துகொண்டு வெளியே வந்ததையும், பின்னாலேயே அந்த மனிதர் வந்து நின்றதையும் பார்த்தவர் அவர்தான். கயல்விழியை மங்கையிடம் அணைத்துக் கூட்டிவந்தவரும் அவர்தான். நான் அப்போது அங்கே இருந்தேன். "அக்கா, இதை விடவே கூடாது. நான் கண்ணால பாத்தேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார்.

மங்கை விசாரணைக் குழுவில் ஓர் உறுப்பினர். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கயல்விழியின் அப்பாவுக்குத் தொலைபேசிகள் வந்தன. அவர் பயந்துபோய் மகளை அழைத்துப்போக வந்தார். மங்கை அவருக்குச் சாப்பாடு போட்டு, "பாத்த சாட்சி இருக்குங்க. எங்க பொண்ணுதான். நம்புங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் நம்பிப் போனார்.

விசாரணை நாளன்று ரேவதி வந்தார். மங்கையின் முகத்தைப் பார்க்காமல், "நான் அந்த நேரத்துல வகுப்புல இருந்தேன். எதையும் பார்க்கல" என்றார். கயல்விழி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சம்பவம் என்று குழு முடிவெழுதியது. மங்கை ஒருவர்தான் அதை மறுத்துக் கையெழுத்திட்டார்.

நான் வெளியே வராந்தாவில் காத்திருந்தேன். மங்கை வந்தார். பின்னால் வந்த ரேவதியை நிறுத்தினார். சத்தம் போடவில்லை.

"ஏன் ரேவதி?"

ரேவதி சொன்னார்: "நீங்க ரிட்டயர் ஆகப் போறீங்கக்கா. நான் இங்கயேதான் இருக்கணும்."

மங்கை திரும்பி நடந்து, என்னோடு பேருந்தில் ஏறினார். இறங்குமிடம் நெருங்கியபோதுதான், "அந்த அப்பாகிட்ட நான் என்ன சொல்லுவேன் கலா?" என்றார். துணைவேந்தரோடும் பதிவாளரோடும் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவர். அவர்கள் தோற்கடித்தபோதெல்லாம் மறுநாள் காலையில் புதுத் தெம்போடு வந்து நிற்பார். இந்த அடி அப்படி ஆறவில்லை. வெளியாள் அடித்த அடி இல்லையே இது.

அவர் ஓய்வுபெற்ற சில மாதங்களில் பெண்ணியல் துறை 'குடும்ப மேம்பாட்டு மையம்' ஆனது. ரேவதி அதன் இயக்குநர். சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கேக் அலங்காரமும் ரவிக்கைக்கு ஆரி வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். தொழில் கற்பதை மங்கை குறை சொல்பவர் அல்லர். "கேக்கும் செய்யட்டும், நல்லதுதான். ஆனா பட்டா யாரு பேருல இருக்குன்னு கேக்கிற வகுப்பை ஏன் மூடணும்?" என்றார்.

பாபநாசத்தில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லின் முன்கூடத்தைக் கேட்டு வாங்கினார். வகுப்பு அங்கே மறுபடி தொடங்கியது. இப்போது சான்றிதழ் கிடையாது. ஆனாலும் பெண்கள் வந்தார்கள். தையல்நாயகி பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் சேர்த்தார். நான் மாதத்தில் சில வாரம் போய்க் கூலிக் கணக்குப் பாடம் எடுத்தேன். கயல்விழியை வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்க்க மங்கை ஊர் ஊராக அலைந்தார். முதலிலிருந்து தொடங்கிப் பட்டம் பெற்ற கயல்விழி இப்போது கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று அவருடைய அப்பா தென்னங்கன்று ஒன்றைக் கொண்டுவந்து மங்கையின் கையில் கொடுத்தார். இருவருமே அழுதார்கள்.

சிறுநீரகம் கெட்டு மங்கை மருத்துவமனையில் சேர்ந்தபோது நான்தான் பெரும்பாலும் கூட இருந்தேன். ஒரு மாலை ரேவதி பழக்கூடையோடு வந்தார். "அக்கா, எப்படி இருக்கீங்க?" என்று கட்டிலருகே உட்கார்ந்து அழுதார். "எல்லாத்தையும் மறந்துடுங்கக்கா" என்றார்.

மங்கை அவரைப் பார்த்து, "எங்கிட்ட என்ன இருக்கு மறக்க? கயல்கிட்ட போ. நான் பாத்தேன், பாக்கலைன்னு பொய் சொன்னேன்னு அவகிட்ட சொல்லு. சொல்லிட்டு வா, உன் கையால ஒரு சுளை ஆரஞ்சு உரிச்சுக் குடு, தின்கிறேன்" என்றார்.

ரேவதி தலையாட்டினார். அடுத்த வாரமெல்லாம் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் மங்கை அந்தப் பக்கம் பார்த்தார். "கயல் போன் பண்ணாளா?" என்று என்னிடம் கேட்டார். கயல்விழி தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தார், வேறு விஷயங்களை. ரேவதி அவரிடம் போகவில்லை. பழங்கள் கூடையிலேயே சுருங்கிப்போய், கடைசியில் செவிலிப் பெண் எடுத்துக் கொட்டினார். மங்கை எதையும் எளிதில் எதிர்பார்க்காதவர். எதிர்பார்த்துவிட்டு அவர் ஏமாந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்ணன்கள் வந்து சடங்குகளை முறையாகச் செய்தார்கள். பல்கலைக்கழகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. ரேவதிதான் முதலில் பேசினார். "எனக்கும் அக்காவுக்கும் கடைசிவரை ஒரு சின்ன மனவருத்தம்கூட இருந்ததில்லை. அவர் விட்டுச்சென்ற பணியை எங்கள் மையம் தொடர்கிறது" என்றார். கைதட்டல் எழுந்தது. கயல்விழி என் பக்கத்தில் இருந்தார். ரேவதி மேடையிலிருந்து இறங்கி எங்கள் வரிசையைக் கடந்தபோது நின்றுவிடுவார் என்று நான் ஒரு கணம் நினைத்தேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவர் போய்விட்டார்.

அடுத்து என் பெயரை அழைத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அந்த மேடையில் சொல்ல வாய் வராததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கூட்டம் கலைந்த பின் மங்கையின் படத்தருகே போனோம். துறையின் பழைய குழுப்படம் ஒன்றிலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். வாய்விட்டுச் சிரிக்கிறார். அவருடைய இடது தோளில் ஒரு கை இருந்தது. கைக்குரியவரை வெட்டிவிட்டார்கள், விரல்களை வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. அந்தப் படம் எடுத்த அன்று மங்கைக்குப் பக்கத்தில் நின்றவர் யாரென்று எனக்குத் தெரியும். கயல்விழியும் புரிந்துகொண்டார். ரோஜா மாலையைச் சற்று அந்தத் தோள் பக்கமாக நகர்த்தி, அந்த விரல்கள் மறையும்படி சரிசெய்தார்.

மங்கை, நிம்மதியாக உறங்குங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போய் வாருங்கள். நீங்கள் மன்னிக்காததை நாங்களும் மன்னிக்கவில்லை.