ஒரு ஈரப் படுக்கைக்கு நாலு வைத்தியம்

குழந்தை டாக்டர் கிளினிக்கில் ஆயா வேலை என்றால் பாதி நேரம் தரையைத் துடைப்பது, மீதி நேரம் காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் நிற்பது. கேளம்பாக்கத்தில் பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. இதே வேலையில் கிடந்து உழல்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் தாரிணி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயசுப் பெண், படூர் பக்கம் ஃபிளாட், தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள்.

காலண்டர்

"அவ வேணும்னு பண்ணல, திட்டாதீங்க" என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னார். படுக்கும் முன்னால் பாத்ரூம் போய் வந்தால் காலண்டரில் ஒரு ஸ்டார் ஒட்ட வேண்டும். படுக்கை நனைந்தாலும் ஸ்டார் உண்டு.

அடுத்த மாதம் அப்பா காலண்டரோடு வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், கழுத்தில் அட்டை. ஸ்டார் ஒன்றுகூட இல்லை. நனைந்த நாளெல்லாம் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி. இதை எங்கே மாட்டினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஹால்லதான் மேடம். வர்றவங்க பாத்தாலாவது இவளுக்கு வெக்கம் வரும்ல."

தண்ணி

பகலில் நன்றாகக் குடிக்கட்டும், சாயந்திரத்துக்கு மேல் குறைத்தால் போதும் என்பது டாக்டரம்மா சொன்னது. அப்பா பள்ளிக்கூடப் பையிலிருந்து பாட்டிலையே எடுத்துவிட்டார். அடுத்த முறை வயிற்றை அழுத்திப் பார்த்தால் கல்லாட்டம் மலம் கட்டியிருக்கிறது. அதுவே மூத்திரப் பையை நெருக்குமாம், முதலில் அதற்கு மருந்து.

அப்பா உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளை என்னிடம் வந்து தண்ணிக் கேனைக் காட்டியது. "ஆயா, அப்பா வர்றதுக்குள்ள ஒரு டம்ளர் குடுப்பியா?"

மணி

வயிறு சரியானதும் ஒரு மணி கொடுத்தார்கள். உள்ளாடையில் மாட்டினால் ஈரம் பட்டதும் அடிக்கும். ஆரம்பத்தில் பிள்ளைக்குக் கேட்காது. பெரியவங்கதான் எழுந்து அவளை எழுப்பிக் கூட்டிப் போகணும், ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும்.

பத்தே நாளில் மணி டப்பாவோடு திரும்பி வந்தது. எழுப்பினீங்களா என்று டாக்டரம்மா கேட்க, அப்பா போனைப் பார்த்தார். பதில் தாரிணி சொன்னாள்: "என் ரூம் கதவ சாத்திட்டாங்க டாக்டர். அவங்களுக்கு ஆபீஸ் இருக்குல்ல."

சூடு

அன்றைக்கே அப்பா வெளியே வந்து என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "ஆயாம்மா, உங்க பக்கமெல்லாம் ஊதுபத்தியால கால்ல ஒரு சூடு வெச்சா நின்னுடுமாமே, நெஜமா?"

என் ஊர் சதுரங்கப்பட்டினம். வைத்திருக்கிறேன், என் மகனுக்கு, இந்தக் கையால்.

"ஈரம் நிக்கல சார். பன்னெண்டு வயசுல அதுவா நின்னுச்சு. எங்கிட்ட பேசுறதுதான் அப்பவே நின்னுபோச்சு. இன்னிக்கும் போன் போட்டா 'இன்னா'ன்னு ஒரே வார்த்த."

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்குச் சரியா வெக்கத் தெரியல போல."

எடை மெஷின்

துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய் அப்படியே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். போலீஸ் என்ற வார்த்தை வெளியிலேயே கேட்டது. அதற்கப்புறம் அம்மாதான் கூட்டி வருகிறாள். மணியைத் திரும்ப வாங்கிப் போய், மகள் பக்கத்தில் படுத்து, அது அடித்ததும் எழுந்திருக்கிறாளாம், வாரத்தில் மூணு நாள் படுக்கை காய்ந்திருக்கிறதாம்.

எடை மெஷினில் ஏற்றும்போது முதலில் என் கண் அவள் காலுக்குத்தான் போகிறது. போன வாரம் கேட்டேவிட்டாள்: "எப்பப் பாத்தாலும் கால பாக்குறியே ஆயா, அங்க என்ன இருக்கு?"

அந்த அப்பாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் எவளாவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால், அவளுக்குச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.