எட்டுக் கட்டம் சுற்றிப் போன வண்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாமி கும்பிட இல்லை. மொபைலும் கம்ப்யூட்டரும் இல்லாமல், ரோபோ பொம்மை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லித் தரும் வகுப்புக்கு. யாழினிக்கு ஐந்தரை வயது. "பாப்பா ரொம்ப ஸ்லோ, இன்னொரு வருஷம் யூகேஜியிலயே இருக்கட்டும்" என்று பள்ளியில் ஒரு ஃபாரம் கொடுத்திருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுத் தரணும். நான் வாரம் முழுக்கத் தடாவில் தங்கி ஃபேக்டரி வேலை. என் லைனில் ஆறு பேர் நின்ற இடத்தில் இப்போது ஒரு ரோபோ கை நிற்கிறது. பயம் இருக்காதா?

எங்கள் ஊர் பங்காருபாளையத்தில் காலை 6.10க்கு பஸ். சித்தூர் பதினெட்டு கிலோமீட்டர், அங்கே மாறினால் இன்னும் எழுபது. திருப்பதி சேர 9.20. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். வழியெல்லாம் "லெஃப்ட் எது, ரைட் எது" என்று அவளை நச்சரித்துக்கொண்டே வந்தேன். "சும்மா இரு நைனா, நான் வெளிய பாத்துக்கினு வரேன்" என்றாள்.

பத்து மணிக்கு வகுப்பு. ஐந்து பிள்ளைகள். தரையில் கட்டம் போட்ட விரிப்பு, நடுவில் ஒரு கோயில் படம், சுற்றிலும் பன்னிரண்டு கட்டம். ஒரு கட்டத்தில் வீடு, இன்னொன்றில் பஸ் ஸ்டாண்டு. வண்டு மாதிரி இருந்த ரோபோவின் முதுகில் அம்புக்குறி பட்டன்கள். போகிற வழி முழுவதையும் முதலில் அழுத்திவிட்டுப் பச்சை பட்டனைத் தட்டினால் நடக்கும். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் போனால் நாலு கட்டம், அந்தப் பக்கம் எட்டு.

மற்ற நாலு பேரும் நாலே கட்டத்தில் முடித்துவிட்டார்கள். என் மகள் மட்டும் ஒவ்வொரு முறையும் எட்டுக் கட்ட வழியில் போய், மூலையில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டாள். மூன்றாவது முறை பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் நானே நாலு கட்டத்துக்கு அழுத்தினேன். வண்டு கிளம்பியதும் யாழினி பாய்ந்து அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"சாமிய அந்தப் பக்கமா சுத்தக் கூடாதுன்னு நீதானே சொன்ன நைனா!"

அடக் கடவுளே! ஆமாம், நான்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஊர்க் கோயிலில் அவள் தோளைப் பிடித்து, வலம்தான் வரணும் என்று திருப்பிவிடுவேன். வெட்கமாகப் போய்விட்டது.

"மீரு ஆகண்டி சார்" என்று டீச்சர் தெலுங்கில் என்னை நிறுத்தினார். "பாப்பா ஒரு ரூல் வெச்சிக்கினு ஆட்றா. திருப்பம்தான் ஒண்ணு வுட்டுப் பூடுது." அவளையே விரிப்பின் மேல் நடக்கவிட்டு, திரும்புகிற இடத்திலெல்லாம் நின்று சொல்லச் சொன்னார். அடுத்த முறை வண்டு எட்டுக் கட்டமும் சுற்றி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: கட்டணம் இருநூற்றைம்பது. தண்ணீர் எடுத்துப் போங்கள். பஸ்ஸில் பாடம் நடத்தாதீர்கள். வகுப்பில் உங்கள் கை உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

ஃபாரத்தைக் கையெழுத்து இல்லாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். செய்தது சரியா என்று இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்லோ என்று எழுதிக் கொடுத்தவர்கள், ஏன் இப்படிப் போகிறாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா, தெரியவில்லை. நானும்தான் கேட்கவில்லை.