காதில் பஞ்சு வைத்த ரசிகை

மேடை ஏறியதும் ஜனங்களைப் பார்க்காமல் சொந்தக் காலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய தொழில் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதை நாங்கள் தூத்துக்குடியில் செய்யப் போனோம்.

பேண்டு வைத்து நொந்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷூகேஸ், அதாவது ‘ஷூவையே பார்ப்பது’ என்று ஒரு வகை இசை. கிட்டார் சத்தத்தை எதிரொலி மேல் எதிரொலியாக ஏற்றிக்கொண்டே போவார்கள். பாடுகிறவர் குரல் அதற்குள் முங்கிக் கிடக்கும். எதிரொலியைக் கூட்டுகிற பெடல்கள் காலடியில் இருப்பதால் வாசிப்பவர்கள் குனிந்த தலை நிமிர மாட்டார்கள்.

எங்கள் பேண்டுக்கு ‘உப்புக்காத்து’ என்று பெயர். கிட்டார் செல்வின், நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. டிரம்ஸ் முத்து, ஸ்ரீவைகுண்டத்துக்காரன். நடவு, அறுப்பு என்றால் ஒத்திகைக்கு வர மாட்டான். நான் பேஸ் கிட்டார். பாட்டு ஸ்டெல்லா. வரிகளை எழுதுவதும் அவள்தான்.

கிட்டங்கி

ஒத்திகைக்குச் செல்வினின் மாமா தன் உப்புக் கிட்டங்கியை, அதாவது மூட்டை அடுக்கும் கோடவுனை, கொடுத்திருந்தார். கிட்டங்கி காலியாக இருக்கும் நாட்களில் எங்களுக்குச் சொர்க்கம். ஒரு தந்தியைத் தொட்டால் போதும், சத்தம் நாலு சுவரிலும் மோதி, கூரையில் ஏறி, சாவகாசமாக இறங்கி வரும். மூட்டைகள் வந்து இறங்கிவிட்டால் எல்லாம் போச்சு. வாயில் துணியை அடைத்த மாதிரி ஆகிவிடும்.

செல்வின் மூட்டை அடுக்குகிறவர்களிடம் கெஞ்சிப் பார்த்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு டீ குடிக்கும் நேரத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் நாங்கள் போனபோது மூட்டைகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. அவர்களில் மூத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, நேத்து வடக்க அடுக்குனதுல டிரம்சு அமுங்கிட்டு. இன்னைக்குத் தெக்க அடுக்கிருக்கோம், வாசிச்சுப் பாருங்க.”

முன்வரிசை

எங்களுக்கு ஒரு நிரந்தர ரசிகை இருந்தார், ஸ்டெல்லாவின் அம்மா. எந்தக் கச்சேரியானாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடியே இருப்பார்.

ஸ்டெல்லாவின் அப்பா தோணியில் வேலை பார்த்தவர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணி திரும்பவில்லை. அதைப்பற்றி அம்மாவும் மகளும் வீட்டில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேச முடியாததை ஸ்டெல்லா பாட்டாக எழுதினாள். அம்மா அதைக் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் பேண்டுக்கே வந்தாள். வந்து சேர்ந்த பேண்டோ யார் குரலும் வெளியே கேட்காத பேண்டு. ஒரு கச்சேரி முடிந்து பாட்டு எப்படி என்று செல்வின் பெருமையாகக் கேட்டதற்கு அம்மா சொன்னார்: “நல்லாருக்கு மக்கா. அவ வாய் அசையுதது நல்லாத் தெரிஞ்சுது.”

மைக் செட்

சாயர்புரம் பக்கம் ஒரு கோயில் பண்டிகையில் வாசித்தோம். மைக் செட் போட்ட அண்ணாச்சிக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. செல்வின் பெடலை மிதித்ததும் கொய்ங் என்று கிளம்பிய சத்தம் தன் செட்டின் கோளாறு என்று நினைத்துவிட்டார் மனுஷன். ஊர் முன்னால் மானம் போகிறதே என்று வயரைப் பிடுங்கி மாட்டினார், குமிழைத் திருகினார், கடைசியில் கிட்டார் இரண்டையும் மொத்தமாக அணைத்தே விட்டார். முத்துவும் குழம்பிக் குச்சியை நிறுத்திவிட்டான்.

மைதானத்தில் ஸ்டெல்லாவின் குரல் மட்டும் தனியாக நின்றது. “அப்பா தோணி வராத ராத்திரி, வாசல் பல்ப அம்மா அணைக்கல.” கூடவே வாசித்துத் திரிந்த நானே அந்த வரியை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். ஆனால் அன்றைக்கென்று பார்த்து அவள் அம்மா வரவில்லை.

செல்வின் மேடையிலிருந்து குதித்து ஓடினான். “அண்ணாச்சி, அந்தச் சத்தந்தான் பாட்டு!” அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப அந்தப் பிள்ள பாடுச்சே, அது என்னது?”

பெங்களூரு

கிட்டங்கியில் பதிவு செய்து இணையத்தில் போட்ட பாட்டு எப்படியோ ஊர் ஊராகப் போய்விட்டது. பெங்களூருவில் ஒரு அரங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். கேட்க வந்தவர்கள் கண்ணை மூடி, தலையை ஆட்டி, நாங்கள் சத்தத்தை ஏற்றிய இடத்திலெல்லாம் சொக்கிப் போனார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை. இப்போதும் ஹார்பரில் கப்பல் சங்கு ஊதினால் அந்த அரங்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

முடிந்ததும் ஒரு தமிழ்ப் பையன் ஓடிவந்து ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். “அக்கா, வார்த்தையே இல்லாம பாடுறதுக்குப் பெரிய தைரியம் வேணும்!”

பெடல்

எங்கள் ஊர்க் காற்றில் எதுவும் துருப்பிடிக்கும். செல்வினின் வால்யூம் பெடல் இறுகிப்போய், கப்பல் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். முன்னால் அழுத்தினால் சத்தம் ஏறும், குதிகாலால் அழுத்தினால் இறங்கும், அவ்வளவுதான் சங்கதி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்பக்கம் ரப்பரே தேஞ்சு போச்சு. பின்பக்கம் கடையில வாங்குனாப்புல இருக்கே!”

ஒத்தப் பாட்டு

தூத்துக்குடியிலேயே ஒரு மண்டபத்தில் கச்சேரி. அம்மா முன்வரிசையில் இருந்தார். தோணிப் பாட்டுக்கு மட்டும் கிட்டாரைக் குறைத்துவிடு என்று ஸ்டெல்லா செல்வினிடம் கேட்டிருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான். பாட்டின் ஆரம்பத்தில் குறைத்துத்தான் வாசித்தான். அம்மா காதிலிருந்து பஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் குரல் எழும்புகிற நேரம் அவன் கால் முன்னால் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அம்மாவின் கை பழக்கத்தில் பஞ்சுக்குப் போனது.

மறுநாள் ஸ்டெல்லா கிட்டங்கிக்கு வந்து தன் மைக்கையும் வயரையும் சுருட்டி எடுத்தாள். “ஏளா, கால் தன்னால போயிட்டு” என்றான் செல்வின். நான் சமாதானம் பேசப் பார்த்தேன். முத்து டிரம்ஸ் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சத்தம் போடவில்லை. “ஒத்தப் பாட்டுதான கேட்டேன்.”

ஞானஸ்நானம்

அதற்கப்புறம் பேண்டு இல்லை. முத்து வயலுக்குப் போனான், நான் ஹார்பரில் ஆபீஸ் வேலைக்குப் போனேன். செல்வினும் ஸ்டெல்லாவும் தெருவில் பார்த்தால்கூடப் பேசவில்லை. போன மாதம் ஸ்டெல்லாவின் மகனுக்கு ஞானஸ்நானம், எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். சாப்பாடு முடிந்த மத்தியானம் செல்வின் வந்தான். கையில் வெறும் மரக் கிட்டார். ஸ்பீக்கர் பெட்டி இல்லை, வயர் இல்லை, பெடல் இல்லை.

கிட்டாரைக் கண்டதும் அம்மா எழுந்து பஞ்சைத் தேடினார். “வேண்டாம்மா, உக்காருங்க” என்றான் செல்வின். ஸ்டெல்லாவைப் பார்த்து, “ஏளா, தோணிப் பாட்டு” என்றான். அவள் பிள்ளையை என் மடியில் கொடுத்துவிட்டுப் பாடினாள்.

செல்வின் பழைய மாதிரியே குனிந்து நின்று வாசித்தான். பெடல் இல்லாத தரையில் அவன் குதிகால் அழுந்திக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்ததும் அம்மா எழுந்து வந்து மகளின் கன்னத்தைத் தொட்டார். “அன்னைக்கு ராத்திரி நீ தூங்கிட்டன்னுல்லா நெனச்சேன், மக்ளே.”

இத்தனை வருஷத்தில் உப்புக்காத்து நடத்திய உருப்படியான ஒரே கச்சேரிக்கு மைக் செட்டே தேவைப்படவில்லை என்பதைச் சாயர்புரத்து அண்ணாச்சியிடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.