புறப்படும் நாளை முதலில் சொன்னவர்

கொட்டச்சேட்டு பஸ் காலையில் வந்து நின்றதும் கண்டக்டர் வழக்கம்போல டீக்கடைக்குப் போகாமல் என் டைப்பிங் கடைக்கு வந்தார். "அம்மிணி, நம்ம ரைட்டர் போயிட்டாருங்க. தூக்கத்துலயே" என்றார். யாருடைய பாஸ்போர்ட் விண்ணப்பமோ மெஷினில் பாதியில் இருந்தது. அதில் பிறந்த தேதிக்கு எதிரே குழந்தைவேல் என்று அடித்துவிட்டேன். தாளை உருவிக் கசக்கிப் போட்டு, கடையைச் சாத்தினேன்.

குழந்தைவேல் ஐயாவை உங்களில் பலருக்குத் தெரியும். எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டர். பிறகு கொட்டச்சேட்டில் சொந்தக் காப்பித் தோட்டம். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிடுவார். பஸ் இரண்டே நடை வரும் மலையூர்களில் அது மரியாதை. "எப்பப் போவோமுன்னு சொல்லிப்போட்டாத்தானுங்க ஊட்டுக்காரங்க நிம்மதியா ஒல வெப்பாங்க" என்பார்.

அமெரிக்காவில் இருந்த மகளின் பிரசவத்துக்காக அவருக்கும் மனைவி பாவாயி அம்மாளுக்கும் விசா விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவள் நான்தான். மெட்ராஸ் தூதரக நேர்காணலில், திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். என் வாடிக்கையாளர்கள் பத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு போய், தொங்கிய முகத்தோடு அடிவாரத்தில் பஸ் ஏறித் திரும்புவார்கள். இவரோ, எதிரே இருந்தவர் வாய் திறப்பதற்குள், "கார்த்திகைல காப்பிப் பளம் சிவந்துருமுங்க. அதுக்குள்ள கெளம்பிருவோம். உங்களுக்குச் செரமம் வேண்டாம்" என்றிருக்கிறார். உடனே முத்திரை விழுந்தது. என் சாமர்த்தியத்தால் கிடைத்த விசா என்று ஒரு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மகள் அந்த நாட்டுக் குடிமகளாகி இருவருக்கும் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்த பிறகுதான் வினை வந்தது. விசாக்காரர் ஊர் திரும்புவேன் என்று நம்ப வைக்க வேண்டும். கிரீன் கார்டுக்காரர் அங்கேயே குடியிருப்பவன் என்று நம்ப வைக்க வேண்டும். இதை ஒரு வாரம் கடையில் உட்கார வைத்து அவர் மண்டையில் ஏற்றப் பார்த்தேன். "ஏனுங்க அம்மிணி, அப்ப வருவேன்னு சொல்லச் சொன்னீங்க. இப்ப வரமாட்டேன்னு சொல்லச் சொல்றீங்க. ஆளு ஒருத்தன்தானுங்களே" என்றார்.

பாவாயி அம்மாள் பேரப்பிள்ளைகளோடு அங்கேயே தங்கினார். இவர் காப்பி எடுப்புக்கு இங்கே வருவதும் போவதுமாக இருந்தார். மூன்றாம் வருடம் விளைச்சல் கூடுதல். பத்து மாதம் இங்கே இருந்துவிட்டுத் தனியாக விமானம் ஏறினார். அந்த ஊர் விமான நிலையத்தில் அதிகாரி கார்டைத் திருப்பிப் பார்த்து, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஐயா தன் எஸ்டேட் இங்கிலீஷில், நவம்பர் வரைதான், தொந்தரவு தரமாட்டேன் என்றாராம். அப்படியானால் இந்தக் கார்டு உங்களுக்கு எதற்கு என்று அவர் கேட்க, இவரும் நியாயந்தான் என்று கொடுத்துவிட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, நவம்பர் வரை விருந்தாளியாக விட்டார்கள்.

"நொம்பத் தங்கமான மனுசனுங்க. கையெழுத்துப் போடப் பேனாவுங் குடுத்தாரு" என்று திரும்பி வந்து சொன்னார். நான் அரை மணி நேரம் திட்டினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் விசா கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஒருமுறை கிரீன் கார்டு வாங்கியவர் ஊர் திரும்புவார் என்று எப்படி நம்புவது என்றார்களாம். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. இரண்டாம் முறையும் அதே கதைதான். கடைக்கு வந்து உட்கார்ந்தவரிடம், அம்மாவை வரச்சொல்லி எழுதுங்கள் என்றேன். "அங்க ரெண்டு கொளந்தைங்க இருக்குதுங்க. அவள எப்புடீங்க வான்னு கூப்புடறது?" என்றார். அம்மாளுக்குக் கடிதத்துக்குக் கடிதம் தோட்டத்து மிளகு விலையைத்தான் எழுதினார். மதியம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பில்லை என்பார். ஓட்டல்காரர் உப்பைக் கூட்டிக்கொண்டே போனார். ஐயாவின் குறை தீரவில்லை. மற்றவர்களால் வாயில் வைக்க முடியவில்லை.

அப்புறம் பாவாயி அம்மாள் இரண்டு மாத விடுமுறையில் வந்தார். கையில் திரும்பும் டிக்கெட் இருந்தது. கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் இருவரும் கடைக்கு வந்தார்கள். அம்மாள் தன் கிரீன் கார்டை மேஜைமேல் வைத்து, "இதத் திருப்பி அனுப்பணும் கண்ணு. ஒரு லெட்டர் அடிச்சுக் குடு" என்றார். ஐயாவுக்கே அது புதுச்செய்தி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சட்டென்று வெளியே போய், இல்லாத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காரணம் எழுத வேண்டுமே என்றேன்.

"கொளந்தைங்க பள்ளிக்கூடம் போயிருச்சுங்க. அங்க நா இருக்கலாங்கறாங்க, அவரு கூடாதுங்கறாங்க. ரெண்டு பேரும் இருக்கறதுக்கு இந்த ஊருதான் இருக்குது. அதையே எளுது கண்ணு."

இங்கிலீஷில் அடித்து முடித்தேன். ஐயா உள்ளே வந்து, தமிழில் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். "இன்னொருக்கா, அம்மிணி" என்றார். மறுபடியும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் வெகுநேரம் துடைத்தார். "எளுத்துப் பிளை இருக்குதான்னு பார்த்தனுங்க" என்றார்.

நான் அடித்துத் தள்ளிய விண்ணப்பங்களில் காரணம் என்ற இடத்தில் கலப்பில்லாத உண்மை இருந்தது அந்த ஒன்றில்தான். அதன் கார்பன் நகல் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பாவாயி அம்மாள் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை. வேண்டுமானால் இன்னொருக்கா படித்துக் காட்டுவேன்.